எச்சில் டிஎன்ஏ ரிப்போர்ட்டில் 'எஃப்டிஓ ஏஏ, மெதுவான மெட்டபாலிசம்': இதை வைத்து உணவையும் மருந்தையும் முடிவு செய்யலாமா?

கேள்வி: கேழ்வரகுக்கூழ்

வணக்கம். எடை குறைப்பு ஆலோசனைக்கு வருகிறவர்கள் இப்போதெல்லாம் ரத்தப் பரிசோதனை முடிவோடு எச்சில் டிஎன்ஏ ரிப்போர்ட்டையும் கையில் கொண்டுவருகிறார்கள். அப்படி ஒன்றை அடையாள விவரங்களை மாற்றி இங்கே வைக்கிறேன்.

ஆண், வயது 34, உயரம் 168 செ.மீ., எடை 92 கிலோ, இடுப்புச் சுற்றளவு 106 செ.மீ., எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் அளவு) 6.1. அப்பா, அம்மா, அக்கா மூவருக்கும் பருமன். ரிப்போர்ட் சொல்வது: எடையோடு தொடர்புள்ள எஃப்டிஓ மரபணுவில் ஆர்எஸ்9939609 என்ற இடத்தில் ஏஏ, 'உயர் ஆபத்து'. 'மெட்டபாலிசம் மெதுவானது.' பிபிஏஆர்ஜி, ஏடிஆர்பி2, எஃப்ஏபிபி2 மூன்றையும் சேர்த்துப் பார்த்து 'மாவுச்சத்து குறைந்த உணவே பொருந்தும்.' பசியை அடக்கும் ஏற்பிக்கான எம்சி4ஆர் மரபணு 'இயல்பு'. எடை குறைக்கும் ஜிஎல்பி-1 ஊசிக்கு 'நடுத்தரப் பலன்'.

இதில் எதை எடுத்துக்கொள்வது, எதை ஒதுக்குவது? ஏஏ என்பதால் உண்மையில் எத்தனை கிலோ கூடும்? அரிசியைக் குறைக்கச் சொல்ல இந்த மூன்று மரபணுக்கள் போதுமா? ஊசி தொடங்குவதை இந்த வரியை வைத்துத் தள்ளிப்போடலாமா?

இன்னொன்று. அவருடைய மகளுக்கு 6 வயது, 118 செ.மீ., 38 கிலோ. ஒன்றரை வயதிலிருந்தே எடை ஏறுகிறது, எப்போதும் பசி என்கிறார்கள். கணவன் மனைவி சொந்தம், மாமன் மகளைக் கட்டியவர். அதே நிறுவனத்தின் கிட்டைக் குழந்தைக்கும் வாங்கலாமா என்று கேட்கிறார்கள்.

பதில் 1: இழைமுறுக்கு

முதலில் அந்த 'ஏஏ' உண்மையிலேயே ஏஏதானா என்று பாருங்கள். இந்த இடத்தில் இருக்கக்கூடிய எழுத்துகள் ஏ, டி இரண்டே. டிஎன்ஏவின் ஒரு இழையில் ஏ இருந்தால் எதிர் இழையில் டி இருக்கும். ஆகவே எதிர் இழையைப் படித்து அச்சிடும் ஆய்வகத்தில் ஆபத்து வடிவம் இரண்டும் உள்ளவருக்கு 'டிடி' என்றும், ஆபத்தே இல்லாதவருக்கு 'ஏஏ' என்றும் வரும். எழுத்தை மட்டும் பார்த்தால் இதைக் கண்டுபிடிக்க வழியில்லை. மூலத் தரவுக் கோப்பைக் கேட்டு வாங்கி, அதில் ஆர்எஸ்1421085 இருக்கிறதா என்று தேடுங்கள். அதுவும் எஃப்டிஓவில்தான் இருக்கிறது, பெரும்பாலும் இதோடு சேர்ந்தே மரபில் இறங்கும். அங்கே ஆபத்து எழுத்து சி, மற்றது டி. எதிர் இழையில் படித்திருந்தால் ஜியும் ஏயும் வரும். இங்கே குழப்பத்துக்கு இடமில்லை.

ஏஏ உறுதி என்றே வைத்துக்கொள்வோம். 2007இல் பிரிட்டனில் எஃப்டிஓவைக் கண்டறிந்தபோதே அளவும் தெரிந்துவிட்டது: ஏஏ உள்ள பெரியவர்கள் டிடி உள்ளவர்களைவிடச் சராசரியாக 3 கிலோ கூடுதல். உங்கள் ஆளின் உயரத்துக்குப் பிஎம்ஐ (எடையை உயரத்தோடு ஒப்பிடும் எண்) 23 என்றால் 65 கிலோ வரும். 92இல் இருக்கும் ஒருவருக்கு அந்த 27 கிலோவில் 3 கிலோவைக்கூட 'இது எஃப்டிஓ தந்தது' என்று தனியே பிரித்துச் சொல்ல முடியாது. அது கூட்டத்தின் சராசரி.

அப்படியானால் குடும்பமே பருமனாக இருப்பது ஏன் என்று கேட்பார்கள். உடல் எடையில் மரபின் பங்கு பெரியதுதான், அதில் சந்தேகம் வேண்டாம். டென்மார்க்கில் தத்துக் கொடுக்கப்பட்ட 540 பேரை 1986இல் ஸ்டங்கர்ட் குழு ஆராய்ந்தபோது, அவர்களின் எடை, பெற்ற தாய் தந்தையின் எடையோடு ஒத்துப்போனது, வளர்த்தவர்களின் எடையோடு ஒத்துப்போகவில்லை. கனடாவில் பூஷார் 12 ஜோடி ஒற்றைக்கரு இரட்டையருக்கு 100 நாள் காலத்தில் வாரம் 6 நாள் தினம் 1000 கிலோகலோரி கூடுதலாகக் கொடுத்தார். எல்லாருக்கும் ஒரே மிகைச் சோறு. ஒருவர் 4.3 கிலோ ஏறினார், இன்னொருவர் 13.3 கிலோ. ஆனால் கூடப்பிறந்த இருவரும் கிட்டத்தட்ட ஒரே அளவு ஏறினார்கள். இந்த மரபுப் பங்கு ஒரு மரபணுவில் இல்லை, ஆயிரக்கணக்கான இடங்களில் துளித்துளியாகச் சிதறிக் கிடக்கிறது. 2018இல் ஏறத்தாழ 7 லட்சம் பேரைச் சேர்த்துப் பார்த்துக் கண்டறிந்த 941 இடங்களும் சேர்ந்து பிஎம்ஐ வேறுபாட்டில் சுமார் 6 சதவீதத்தையே விளக்கின. நாலைந்து இடத்தைப் பார்த்து 'உயர் ஆபத்து' என்று சிவப்பில் அச்சிடுவது எவ்வளவு மேலோட்டம் என்று இதிலிருந்து தெரியும். அப்பா, அம்மா, அக்கா மூவருக்கும் பருமன் என்ற தகவல் அந்த ரிப்போர்ட்டைவிடக் கனமானது.

'மெதுவான மெட்டபாலிசம்' என்ற வரியை அடித்துவிடலாம். ஸ்காட்லாந்துப் பள்ளிக் குழந்தைகளிடம் 2008இல் அளந்தபோது, ஏ வடிவம் உள்ளவர்கள் ஓய்வில் எரிக்கும் ஆற்றலில் குறைவு இல்லை. வேறுபாடு தட்டில் இருந்தது: அவர்கள் அதிகம் சாப்பிட்டார்கள், கலோரி அடர்ந்த பண்டங்களை நாடினார்கள். எடையோடு தொடர்புள்ள மரபணுக்களில் பெரும்பாலானவை மூளையில், பசியையும் நிறைவையும் ஆளும் பகுதிகளில்தான் வேலை செய்கின்றன. கொழுப்புச் செல்லில் ஐஆர்எக்ஸ்3, ஐஆர்எக்ஸ்5 என்ற பக்கத்து மரபணுக்களை இந்த எஃப்டிஓ இடம் தூண்டுவதாக 2015இல் வந்த ஆய்வும் முக்கியமானது, ஆனால் அதிலிருந்து ஒருவரின் எரிப்பு வேகத்தைக் கணக்கிட முடியாது.

எரிப்பு வேகம் தெரியவேண்டும் என்றால் அளக்கத்தான் வேண்டும். ஓய்வில் உடல் எரிக்கும் ஆற்றலை மதிப்பிடும் மிஃப்லின் சூத்திரப்படி இவருக்கு ஒரு நாளைக்கு: 10 × 92, கூட்டல் 6.25 × 168, கழித்தல் 5 × 34, கூட்டல் 5. விடை 1805 கிலோகலோரி. மூச்சுக் காற்றை வைத்து அளக்கும் கருவி உள்ள இடத்தில், இரவு முழுக்க வெறும் வயிறு, காலையில் காபி டீ கிடையாது, அரைமணி நேரம் படுத்து ஓய்வு, அதன் பிறகு அளவு. சூத்திரத்திலிருந்து 10 சதவீதம் இப்படி அப்படி இருப்பது சாதாரணம். 1600க்கும் கீழே வந்தால் தைராய்டையும் தசை அளவையும் பாருங்கள். அளவு எடுத்தவர் முகமூடியைச் சரியாகப் பொருத்தாமல் காற்று கசிந்தாலும் எண் குறைவாகத்தான் வரும், அதையும் விசாரியுங்கள்.

பதில் 2: பருப்புரசம்

மாவுச்சத்துக் கேள்விக்கு நேரடி விடையே இருக்கிறது. நீங்கள் எழுதிய அதே மூன்று மரபணுக்களை வைத்து 'இவருக்குக் கொழுப்பு குறைந்த உணவு, அவருக்கு மாவு குறைந்த உணவு' என்று பிரிக்கும் யோசனையை ஸ்டான்ஃபோர்டில் கார்ட்னர் குழு 609 பேரிடம் ஓராண்டு சோதித்தது. 2018இல் முடிவு வந்தது. கொழுப்பு குறைத்தவர்கள் சராசரியாக 5.3 கிலோ, மாவு குறைத்தவர்கள் 6 கிலோ குறைந்தார்கள். மரபணுவுக்கு 'ஏற்ற' உணவு கிடைத்தவர்களுக்கும் 'ஏற்காத' உணவு கிடைத்தவர்களுக்கும் வித்தியாசமே இல்லை. இன்சுலின் சுரப்பை வைத்துப் பிரித்தும் பார்த்தார்கள், அதிலும் இல்லை. இரண்டு அணியிலும் சிலர் 25 கிலோவுக்கு மேல் குறைந்தார்கள், சிலர் ஏறினார்கள். அந்தப் பெரிய வித்தியாசத்தை இந்த மூன்று மரபணுக்கள் தொடவே இல்லை.

எச்பிஏ1சி 6.1 என்பதால் அரிசியின் அளவைக் குறைக்கச் சொல்லலாம். அதற்குக் காரணம் சர்க்கரை, ரிப்போர்ட் இல்லை. அவரிடமும் அப்படியே சொல்லுங்கள். இல்லாவிட்டால் 'என் ஜீனுக்குச் சோறு ஆகாது' என்று வாழ்நாள் முழுக்க நம்பிக்கொண்டிருப்பார்.

எஃப்டிஓ பசி வழியாக வேலை செய்கிறது என்று மேலே சொன்னதை நான் உணவுத் திட்டத்தில் இப்படிப் பயன்படுத்துவேன். பட்டினி நேரத்தை நீட்டாமல் மூன்று வேளையும் நேரத்துக்கு உணவு. வேளைக்கு 25 முதல் 30 கிராம் புரதம்: காலையில் இரண்டு முட்டையோடு ஒரு கப் கெட்டித் தயிர், மதியம் 120 கிராம் மீனோ கோழியோ, சைவம் என்றால் 100 கிராம் பனீரோடு ஒரு கிண்ணம் கெட்டிப் பருப்பு. நம் வீட்டுச் சாம்பாரில் ஒரு கரண்டிக்கு 3 கிராம் புரதம் தேறினால் பெரிது, அதைப் புரதக் கணக்கில் சேர்க்காதீர்கள். காய் கால்கிலோ தட்டில் முதலில், சோறு கடைசியில். மிக்சர், முறுக்கு டப்பா கண்ணில் படாத இடத்தில். ஏஏ உள்ளவருக்கு இந்தக் கடைசி விஷயம் சாதாரணமானது இல்லை. உணவு கண்ணில் பட்டதும் எழும் தூண்டுதல் அவருக்குக் கூடுதலாக இருக்கலாம்.

'ஏஏ என்பதால் என்ன செய்தும் குறையாது' என்று அவர் சொன்னால் அது தவறு. 9,500க்கும் மேற்பட்டவர்களின் எடை குறைப்புச் சோதனைத் தரவுகளை 2016இல் ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது எஃப்டிஓ எந்த வடிவமாக இருந்தாலும் உணவு, உடற்பயிற்சி, மருந்து மூன்றுக்கும் கிடைத்த பலன் ஒன்றே. உடலுழைப்பு உள்ளவர்களிடம் இந்த மரபணுவின் ஆபத்து 27 சதவீதம் குறைவு என்று 2 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் தரவு 2011இலேயே காட்டிவிட்டது.

இடுப்பு 106 என்பதைத்தான் நான் சிவப்பில் எழுதுவேன். நம்மவர் ஆண்களுக்கு வரம்பு 90, பெண்களுக்கு 80. புனேயின் யாஜ்னிக், லண்டனின் யட்கின் என்ற இரண்டு மருத்துவர்கள் 2004இல் தங்கள் உடலையே அளந்து வெளியிட்டார்கள். இருவருக்கும் பிஎம்ஐ 22.3தான். யட்கினுக்கு உடற்கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். எடை இயந்திரம் இதைக் காட்டாது, இடுப்பை அளக்கும் இன்ச் டேப் ஓரளவு காட்டும்.

பதில் 3: மாத்திரைச்சீட்டு

ஊசி பற்றி. 'நடுத்தரப் பலன்' என்ற வரி எங்கிருந்து வந்திருக்கும் என்றால், ஜிஎல்பி-1 ஏற்பியின் மரபணுவில் ஆர்எஸ்6923761 என்ற இடம். நீரிழிவு உள்ள 4,500க்கும் மேற்பட்டவர்களிடம் பார்த்த 2023 ஆய்வில், அந்த மாற்றத்தின் ஒவ்வொரு பிரதிக்கும் எச்பிஏ1சி குறைவது 0.08 சதவீதப் புள்ளி மட்டுப்பட்டது. அதுவும் சர்க்கரைக்கான கணக்கு, எடைக்கு இல்லை. இதை வைத்து ஒருவருக்கு மருந்தை மறுப்பது நியாயமே இல்லை.

பலன் ஆளுக்கு ஆள் மாறுவது உண்மை. இந்த வகை ஊசியான செமாக்ளுடைட் வாரம் 2.4 மி.கி. பெற்றவர்கள் 68 வாரத்தில் சராசரியாக 14.9 சதவீதம் குறைந்தார்கள், ஆனால் ஏழில் ஒருவர் 5 சதவீதம்கூடக் குறையவில்லை. அந்த ஏழாமவர் யார் என்று முன்கூட்டியே உறுதியாகச் சொல்லும் மரபணுச் சோதனை இன்று கிடையாது. மருந்தைக் கொடுத்துப் பார்ப்பதே சோதனை. வாரம் 0.25 மி.கி.யில் தொடங்கி, 4 வாரத்துக்கு ஒருமுறை 0.5, 1, 1.7, 2.4 என்று ஏற்றினால் முழு அளவு வரவே 16 வாரம் ஆகும். 0.5இல் நின்றுகொண்டு 'எனக்கு வேலை செய்யவில்லை' என்று நிறுத்துகிறவர்கள் ஏராளம். முழு அளவிலோ, தாங்கக்கூடிய உச்ச அளவிலோ மூன்று மாதம் போன பிறகும் தொடக்க எடையில் 5 சதவீதம், இவருக்கு 4.6 கிலோ, குறையவில்லை என்றால் மருத்துவர் மறுபரிசீலனை செய்வார். அப்போதும் மரபணுவுக்குப் போகும் முன் மருந்துச் சீட்டைப் பாருங்கள்: ஓலன்சபின், வால்ப்ரோயேட், ஸ்டீராய்டு, பயோக்ளிடசோன், கிளிமிபிரைட் இவற்றில் ஏதாவது எடையை எதிர்ப்பக்கம் இழுத்துக்கொண்டிருக்கும்.

ஊசிக்கு முன் கட்டாயம் கேட்கவேண்டிய மரபுக் கேள்வி ஒன்று இருக்கிறது, அது எந்த எச்சில் ரிப்போர்ட்டிலும் வராது. குடும்பத்தில் யாருக்காவது தைராய்டில் மெடுல்லரி வகைப் புற்றுநோய், அல்லது பல சுரப்பிகளில் கட்டி வரும் மென்-2 என்ற மரபு நோய்த்தொகுதி உண்டா? உண்டென்றால் இந்த வகை ஊசிகள் வேண்டாம். 'தைராய்டு ஆபரேஷன்' என்று மட்டும் சொன்னால் விடாதீர்கள், பயாப்சி அறிக்கையைக் கேளுங்கள். சாதாரணத் தைராய்டு குறைபாடு இதில் சேராது, அதைச் சொல்லிப் பயமுறுத்தவும் கூடாது.

சர்க்கரை மாத்திரையான மெட்ஃபார்மின் கொடுக்கப்பட்டு வயிற்றுப்போக்கு என்று நிறுத்தியிருந்தால் அதற்கும் மரபுக் காரணம் இருக்கலாம். குடலிலும் கல்லீரலிலும் மெட்ஃபார்மினை உள்ளே எடுக்கும் ஓசிடி1 கடத்தியின் மரபணு இரண்டு பிரதியிலும் பலவீனமாக இருந்து, அதே கடத்தியை அடைக்கும் மருந்தும் சேர்ந்தால் தாங்காமல் போகும் வாய்ப்பு நான்கு மடங்குக்கும் மேல் என்று ஸ்காட்லாந்துத் தரவு காட்டியது. சோதனை தேவையில்லை. அந்தக் கடத்தியை அடைக்கும் ஒமெப்ரசோல் வகை வயிற்று அமில மாத்திரை உண்மையில் தேவையா என்று பார்த்து, 500 மி.கி. மெதுவாகக் கரையும் வடிவத்தை இரவுச் சாப்பாட்டோடு தொடங்கி, வாரம் ஒரு படி ஏற்றினால் பெரும்பாலோர் தாங்கிக்கொள்வார்கள்.

பதில் 4: தொட்டில்மணி

மேலே உள்ளவர்கள் அப்பாவைப் பற்றிப் போதுமான அளவு சொல்லிவிட்டார்கள். இந்தக் கேள்வியில் அவசரமானது குழந்தைதான். 6 வயதில் 38 கிலோ, பிஎம்ஐ 27.3. ஐந்து வயதுக்கு முன்பே தொடங்கியது, அடங்காத பசி, பெற்றோர் நெருங்கிய சொந்தம். ஒற்றை மரபணுப் பருமனைத் தேட இதைவிடத் தெளிவான காரணம் வேண்டாம். தேடவேண்டிய இடம் கடைக் கிட் இல்லை, குழந்தைகளுக்கான நாளமில்லாச் சுரப்பி மருத்துவர்.

கிட் ஏன் உதவாது என்றால், அது முன்கூட்டியே தெரிந்த, பலரிடம் காணப்படும் எழுத்து மாற்றங்களை மட்டும் பார்க்கும் சிப். அப்பாவின் ரிப்போர்ட்டில் 'எம்சி4ஆர் இயல்பு' என்று இருப்பது பெரும்பாலும் ஆர்எஸ்17782313 என்ற இடத்தைப் பார்த்துச் சொன்னதாக இருக்கும். அது எம்சி4ஆர் மரபணுவுக்குள்ளேயே இல்லை, ஏறத்தாழ 1,88,000 எழுத்துகள் தள்ளி இருக்கிறது. மரபணுவை முழுக்கப் படிக்கவே இல்லை. அந்த 'இயல்பு' என்ற சொல்லால் அப்பாவுக்கும் விடை இல்லை, குழந்தைக்கும் இல்லை. மாறாக, மிக அரிய மாற்றம் ஒன்று இருப்பதாகச் சிப் சொன்னால் அது பெரும்பாலும் பொய்யாகவே முடியும்.

மருத்துவரிடம் போகும்போது பிறந்த எடை, தடுப்பூசி அட்டையில் குறித்த எடைகள், பள்ளியில் எடுத்த உயரம் எல்லாவற்றையும் தேதியோடு எழுதிக்கொண்டு போகச் சொல்லுங்கள். பருமனான குழந்தை வயதுக்கு உயரமாக இருந்தால் ஒரு பாதை, குட்டையாகவோ உயரம் தேங்கியோ இருந்தால் வேறு பாதை. 118 செ.மீ. என்பது 6 வயதுப் பெண் குழந்தைக்குச் சராசரியைவிடச் சற்றே மேல், ஆகவே தைராய்டு குறைபாடோ கார்டிசால் மிகையோ முதல் சந்தேகமாக வராது. ஆனாலும் தைராய்டுக்கான டிஎஸ்ஹெச்சும் ஃப்ரீ டி4உம் பார்ப்பார்கள்.

பசியைப் பற்றி 'நல்லா சாப்பிடுவா' என்று சொன்னால் போதாது. சாப்பிட்டு எவ்வளவு நேரத்தில் மறுபடி கேட்கிறாள்? இரவில் எழுந்து தேடுகிறாளா? மற்றவர் தட்டிலிருந்து, குப்பையிலிருந்து எடுக்கிறாளா? மறுத்தால் எத்தனை நேரம் அழுகை? விளையாட்டில் மூழ்கினால் மறக்கிறாளா, மறக்க முடியவில்லையா? ஒரு வாரம் குறித்துக்கொண்டு போனால் மருத்துவருக்குப் பெரிய உதவி.

அதோடு பார்க்கவேண்டியவை: பிறந்ததும் உடல் தளர்வு, பால் உறிஞ்ச முடியாமை இருந்திருந்தால் பிராடர்-வில்லி என்ற மரபு நோய்த்தொகுதி. அதற்கு 15ஆம் குரோமோசோமின் மெத்திலேற்றச் சோதனை தனியாகக் கேட்கவேண்டும், பல மரபணுக்களை ஒன்றாகப் படிக்கும் பேனல் சோதனையில் அது தவறிப்போகும். ஆறாவது விரல் இருந்து பிறந்ததும் நூலால் கட்டி எடுத்துவிட்டார்களா, மங்கல் வெளிச்சத்தில் தடுமாறுகிறாளா? ஆம் என்றால் பார்டெட்-பீடல் என்ற நோய்த்தொகுதி. விரலை எடுத்ததைப் பலர் சொல்ல மறந்துவிடுவார்கள், நாமாகக் கேட்கவேண்டும். சிசுப் பருவத்தில் தீராத வயிற்றுப்போக்கு இருந்தால் பிசிஎஸ்கே1 மரபணுவில் பழுது. ரத்தச் சர்க்கரைத் தாழ்வு, மஞ்சள் காமாலை நீடித்தது என்றால் பிஓஎம்சி மரபணுவில். பிஓஎம்சிக்குச் செம்பட்டை முடி என்று புத்தகத்தில் இருக்கும், கருங்கூந்தல் வம்சத்தில் முடி கறுப்பாகவே இருக்கலாம், அதை நம்பி விலக்காதீர்கள். பிஓஎம்சி குறைபாட்டில் கார்டிசாலும் சுரக்காது, ஹைட்ரோகார்டிசோன் தராவிட்டால் ஒரு சாதாரணக் காய்ச்சலே உயிரை எடுக்கும். காரணத்தைக் கண்டுபிடிப்பதன் பயன் எடையோடு நிற்பதில்லை என்று சொல்வது இதனால்தான்.

பேனலுக்கு முன் ரத்த லெப்டின் அளவு ஒன்று எடுக்கலாம். கொழுப்புச் செல்கள் சுரந்து, 'போதும்' என்று மூளைக்குச் சொல்லும் ஹார்மோன் அது. இவ்வளவு கொழுப்புள்ள குழந்தைக்கு லெப்டின் உயர்ந்துதான் இருக்கவேண்டும். கிட்டத்தட்ட இல்லை என்று வந்தால் லெப்டின் மரபணுவே பழுது. 1997இல் கேம்பிரிட்ஜில் முதன்முதலாகக் கண்டறிந்த இரண்டு குழந்தைகளும் பாகிஸ்தான் வம்சாவளியில் வந்த, சொந்தத்தில் மணந்த குடும்பத்தினர். லெப்டின் ஊசி தொடங்கியதும் அந்தப் பசி அடங்கியது. ஆனால் லெப்டின் உயர்வாக வந்தால் எல்லாம் சரி என்று விட்டுவிடக்கூடாது. ஏற்பி பழுதாக இருக்கலாம், லெப்டினே செயலற்ற வடிவில் சுரக்கலாம்.

கேழ்வரகுக்கூழ்:

மிக்க நன்றி. குழந்தையின் அம்மாவுக்கும் சற்றுப் பருமன். அப்படியானால் இது பெற்றோரிடமிருந்து நேராக வந்ததா, இருவரும் சுமந்து கொடுத்ததா? முடிவு வந்தால் மருந்து இருக்கிறதா, இல்லை பெயர் தெரிந்ததோடு சரியா? அவர்கள் இரண்டாவது குழந்தைக்குத் திட்டமிடுகிறார்கள்.

பதில் 5: தொட்டில்மணி

இரண்டும் சாத்தியம். எம்சி4ஆரில் ஒரு பிரதி பழுதானாலே எடை ஏறும், இரண்டும் பழுதானால் இன்னும் கடுமை. அந்த வகை என்றால் பெரும்பாலும் பெற்றோரில் ஒருவர் பருமனாக இருப்பார், அடுத்த குழந்தைக்கு வாய்ப்பு பாதி. லெப்டின், லெப்டின் ஏற்பி, பிஓஎம்சி போன்றவற்றில் இரண்டு பிரதியும் பழுதாக வேண்டும். ஒரே பாட்டி தாத்தாவிடமிருந்து இறங்கிய பிரதி இருபக்கமும் வந்து சேர்வது சொந்தத்தில் கட்டும்போதுதான் அதிகம். அப்போது அடுத்த குழந்தைக்கு நான்கில் ஒன்று. ஆகவே அடுத்த கர்ப்பத்துக்கு முன்பே முடிவு கையில் இருப்பது நல்லது.

மருந்து மரபணுவைப் பொறுத்தது, மரபுச் சோதனை சிகிச்சையை நேரடியாகத் தீர்மானிக்கும் இடம் இதுதான். பிஓஎம்சி, பிசிஎஸ்கே1, லெப்டின் ஏற்பி குறைபாடுகளுக்கு செட்மெலனோடைட் என்ற தினசரி ஊசியை அமெரிக்கா 2020 நவம்பரில் அனுமதித்தது, 2022இல் பார்டெட்-பீடலுக்கும். அது எம்சி4ஆர் ஏற்பியை நேராகத் தட்டி எழுப்பும். லெப்டினில் தொடங்கி இந்த ஏற்பி வரை வரும் பசி அடக்கும் சங்கிலி மேலே எங்கே அறுந்திருந்தாலும் சரி, ஏற்பி நன்றாக இருந்தால் வேலை செய்யும். ஏற்பியே பழுது என்றால் அதே மருந்து பெரும்பாலும் பயன் தராது. தோல் நிறத்தை ஆளும் எம்சி1ஆரையும் தொடுவதால் உடல் கறுக்கும், மச்சங்கள் அடர்த்தியாகும், முன்கூட்டியே சொல்லிவிடவேண்டும். எம்சி4ஆரில் ஒரு பிரதி பழுதான பெரியவர்களுக்கு லிராக்ளுடைட் என்ற ஜிஎல்பி-1 ஊசி மற்றவர்களுக்குப் போலவே வேலை செய்ததை டென்மார்க் குழு 2018இல் காட்டியது, அப்பாவுக்கு அந்த மாற்றம் இருந்தாலும் ஊசிக்கான கதவு மூடாது.

சோதனையைக் குழந்தையிடமிருந்து தொடங்கவேண்டும். இடிடிஏ குழாயில் 2 முதல் 3 மி.லி. ரத்தம், பெற்றோரிடமிருந்தும் அதே நாளில் எடுத்து வைத்துக்கொள்ளலாம். 'பொருள் உறுதியாகாத மாற்றம்' என்று முடிவு வந்தால் அது யாரிடமிருந்து இறங்கியது என்று பார்க்கப் பெற்றோர் மாதிரி அப்போது தேவைப்படும். அப்படி வந்த முடிவை நோய் என்று எழுதக்கூடாது, மருந்தும் தொடங்கக்கூடாது. கோரிக்கைப் படிவத்தில் 'ஒபிசிட்டி' என்று ஒற்றைச் சொல் எழுதி அனுப்புகிறார்கள், ஆய்வகம் எதைத் தேடுவது? எடை ஏறத் தொடங்கிய வயது, அடங்காத பசி, பெற்றோரின் உறவு, உயரம், லெப்டின் அளவு இவ்வளவும் இருக்கவேண்டும். குரோமோசோம் 16இல் 16பி11.2 பகுதி விடுபட்டிருந்தால் வரிசை படிக்கும் பேனல் சிலவற்றில் அது தெரியாது, பேச்சு தாமதமோ கற்றல் சிரமமோ இருந்தால் விடுபட்ட பகுதிகளைக் காட்டும் மைக்ரோஅரே சோதனையையும் சேர்த்துக் கேளுங்கள்.